எதிர்த் தொட்டில்

இன்று முழுவதும் ரத்னாவின் இடது பக்கம் தன்னுடையது, அங்கே வேறு யாரும் நிற்கவோ உட்காரவோ கூடாது என்று வடக்குப்பட்டில் பஸ் ஏறும்போதே கங்கா முடிவு செய்துவிட்டாள்.

நாத்தனார் ரத்னாவுக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் சீழ் வைத்தது. காஞ்சிபுரத்து டாக்டர் பார்ப்பதற்குள் உள்ளே இருந்த சவ்வு போய்விட்டது. வலது காது படுதெளிவு. பால்காரர் தெருமுனையில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் அந்த வீட்டில் அவளுக்குத்தான் முதலில் கேட்கும்.

ஆனால் ஒற்றைக் காதில் ஒரு சங்கடம் உண்டு. சத்தம் வருவது தெரியும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது தெரியாது. இரண்டு காதும் கேட்பவர்களுக்கு ஒலி ஒரு காதில் இம்மியளவு முந்தியும் மற்றதில் பிந்தியும் விழுகிறது. அந்தச் சின்ன வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் தலை தானாகத் திரும்புகிறது. ரத்னாவுக்கு அந்த வசதி இல்லை. சந்தடியான இடத்தில் இடப்பக்கமிருந்து ஒருவர் பேசினால், அவளைப் பொறுத்தவரை யாருமே பேசவில்லை.

அதனால்தான் நாலு பேர் கூடுகிற இடங்களில் கங்கா அவளுக்கு இடதுபுறச் சுவராக நிற்கப் பழகியிருந்தாள். யாராவது பேசினால் முழங்கையை லேசாகத் தொடுவாள். ரத்னா திரும்பிப் பார்ப்பாள். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியாது. கங்கா மருமகளாக வந்தபோது ரத்னா தாயில்லாத சின்னப் பெண். தலை வாரிவிட்டதிலிருந்து தையல் கற்றுக்கொடுத்ததுவரை எல்லாம் அண்ணிதான்.

ஏற்கெனவே இரண்டு வரன்கள் வந்து போயிருந்தன. படப்பையிலிருந்து வந்தவர்கள், பேச்சுக் கொடுத்தால் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள், திமிர் பிடித்தவள் என்று கேசரித் தட்டைத் தொடாமலே கீழே வைத்தார்கள். அடுத்து வந்தவர்களுக்கு யாரோ காது விஷயத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். கேசரி தின்றுவிட்டுப் போனவர்கள் திரும்ப வரவே இல்லை. தெரு முழுக்கப் பேச்சு.

ஆகவே மூன்றாவது வரனை வீட்டுக்கே கூப்பிடவில்லை. செம்பரம்பாக்கத்து மீனம்மாளும் அவளுடைய ஒரே மகன் பரசுராமனும் தீவுத்திடல் பொருட்காட்சிக்கு வருவார்கள். இவர்களும் போவார்கள். தற்செயலாகச் சந்தித்ததுபோல நாலு வார்த்தை பேசிக்கொள்வது. பிடித்தால் தாம்பூலத்தோடு வீட்டுக்கு வரட்டும். பிடிக்காவிட்டால் பொருட்காட்சி பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் அவரவர் வழியில் போகும். தெருவுக்கு ஒன்றும் தெரியாது. தரகர் சொன்ன இந்த ஏற்பாடு கங்காவுக்குப் பிடித்துப்போயிற்று.

காது விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடலாம் என்பது ரத்னாவின் அண்ணன் நடேசனின் கட்சி. தேதி குறித்தபிறகு பக்குவமாகச் சொல்லலாம் என்பது கங்காவின் கட்சி. முந்தின நாள் சாயங்காலம் புருஷனும் பெண்டாட்டியும் இதை மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ரத்னா தையல் மிஷினை நிறுத்தாமலே ஒன்று சொன்னாள்.

“நீங்க சொல்ல வேணாம்னா நான் வாய தொறக்கல அண்ணி. ஆனா அவங்களே கேட்டுட்டாங்கன்னா, பொய் சொல்றதுக்கு எனக்கு வராது.”

அந்த வார்த்தையைக் கங்கா பஸ்ஸிலும் நினைத்துக்கொண்டே வந்தாள்.

தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, மூன்று பேரும் கூவம் பாலத்தின்மேல் நடந்தார்கள். பாதிப் பாலத்தில் ரத்னா நின்றுவிட்டாள்.

கூடாரங்களுக்கு மேலே, மரங்களுக்கு மேலே, வானத்தில் வரைந்து வைத்ததுபோல ஒரு சக்கரம். அச்சிலிருந்து விளிம்புவரை இரும்புக் கம்பிகள் குடை விரித்திருந்தன. விளிம்பில் வரிசையாகத் தொட்டில்கள். அவற்றில் இருந்த மனிதர்கள் எறும்பு அளவுகூட இல்லை. முதலில் அது அசையாமல் நிற்பதாகத்தான் தோன்றியது. ஒரு மேகத்தை அடையாளம் வைத்துப் பார்த்தபிறகுதான் அது சுற்றுவது தெரிந்தது.

“வண்டிச் சக்கரம்னா தரையில உருளும், வண்டி போவும். இது எங்கயும் போவல பாருங்க அண்ணி,” என்றாள் ரத்னா. “மனுசங்களை மட்டும் வானத்துக்கு எடுத்துக்கினு போயி, திருப்பிக் கொண்டாந்து வுட்டுடுது.”

நடேசன் பனைமரத்தோடு ஒப்பிட்டு உயரம் கணக்குப் போட்டுப் பார்த்தான். பிறகு கணக்கை விட்டுவிட்டு அண்ணாந்தே நடந்தான். எதிரே வந்த சைக்கிள்காரர் மணி அடித்துத் திட்டிவிட்டுப் போனார்.

தற்செயல் சந்திப்பு நாடகம் வாசலிலேயே குட்டிச்சுவரானது. அட்டையில் செய்த கோபுர வாசலின்கீழ் நின்றிருந்த மீனம்மாள் இவர்களைப் பார்த்ததும் கையைத் தூக்கி ஊருக்கே கேட்கும்படிக் கூப்பிட்டாள்.

“இன்னாம்மா இவ்ளோ நேரம்? நிக்க வெச்சு காலே மரத்துப் போச்சு. ஒங்களத்தான் தேடிக்கினு கீறோம்.”

பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் கீரை போட்டு, விடியற்காலை லாரியில் கொத்தவால்சாவடி மார்க்கெட்டுக்குக் கொண்டுவந்து விற்று, தனியாளாக மகனை ஐ.டி.ஐ. படிக்க வைத்தவள். மகன் பரசுராமன் நெட்டை, ஒல்லி. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். புதுச் சட்டையின் மடிப்புக்கூடக் கலையவில்லை. ஆனால் நகக்கண்களில் எண்ணெய்க் கறுப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்பதைக் கங்கா கவனித்துக்கொண்டாள். வேலை செய்கிற கை என்று மனதுக்குள் ஒரு நல்ல மதிப்பெண் போட்டாள்.

அரங்குகளைச் சுற்றி வந்தவரை எல்லாம் நல்லபடியாகவே போயிற்று. கங்கா இடது பக்கத்தை விடவில்லை. மீனம்மாள் வலது பக்கம் நடந்தாள். ரத்னா கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். பரசுராமன்தான் பெண்ணைப் பார்ப்பதைவிட ஓர் அரங்கிலிருந்த அணைக்கட்டு பொம்மையில் மதகுக் கதவு எப்படி மேலே ஏறுகிறது என்பதை அதிக நேரம் பார்த்தான். இன்னும் அரை மணி நேரம் இப்படியே ஓட்டிவிட்டால், ஆளுக்கொரு டெல்லி அப்பளத்தோடு பிரிந்துவிடலாம்.

அப்போதுதான் அவர்கள் சக்கரத்தின் அடியில் வந்து நின்றார்கள்.

தூரத்தில் அழகாக இருந்தது, கிட்டத்தில் வேறொன்றாக இருந்தது. ஒவ்வொரு தொட்டிலும் கீழே வரும்போது காற்றை இழுத்துக்கொண்டு வந்தது. தரை லேசாக அதிர்ந்தது. மீனம்மாள் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

“மெட்ராசுக்கு நெனச்ச நாளெல்லாம் வர்றேன். கீரை மூட்டைக்குக் கீழேருந்தே பாத்தாச்சு இந்த ஊரை. இன்னிக்கு மேலேருந்து பாத்துடறது. வாங்க எல்லாரும்.”

கங்கா எதையெதையோ சொல்லித் தட்டிப் பார்த்தாள். தலை சுற்றும் என்றாள், நேரமாகிறது என்றாள். மீனம்மாள் அதற்குள் வரிசையில் நின்றுவிட்டாள். பரசுராமன் மட்டும் ஏறவில்லை. எல்லோருடைய செருப்பையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். எஞ்சினைக் கிட்ட நின்று பார்க்கவேண்டுமாம்.

‘பொண்ணு பாக்க வந்தவன் எஞ்சின் பாக்கறானே’ என்று நினைத்துக்கொண்டாள் கங்கா.

சக்கரத்தை ஓட்டுகிறவர் கழுத்தில் விசில் மாட்டிய ஒரு மனிதர். அவர் ஆட்களை வரிசைப்படி ஏற்றவில்லை, எடைப்படி ஏற்றினார். அதற்குக் காரணம் இருக்கிறது. அவ்வளவு பெரிய சக்கரத்தைச் சுழற்றுவது ஒரு சின்ன டீசல் எஞ்சின். சக்கரத்தின் விளிம்பைச் சுற்றி ஓர் இரும்புக் கயிறு ஓடுகிறது. அந்தக் கயிற்றை எஞ்சினின் கப்பி இழுக்கிறது, அவ்வளவுதான். அந்தச் சின்ன எஞ்சினால் எப்படி முடிகிறது என்றால், அது யாரையும் உண்மையில் தூக்குவதே இல்லை. ஒரு தொட்டிலில் இருப்பவர்கள் இறங்கும் கனம்தான் எதிர்த் தொட்டிலில் இருப்பவர்களை மேலே ஏற்றுகிறது. தராசின் இரண்டு தட்டும் சமமாக இருந்தால் விரலால் தள்ளலாம் அல்லவா, அதுபோல. எஞ்சின் கொடுப்பது அந்த விரல் தள்ளல் மட்டும். ஒரு பக்கம் கனம் கூடினாலோ கயிறு வழுக்கும், சக்கரம் கனத்த பக்கமே இறங்கி நிற்கும்.

நடேசன் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டான். சின்ன வயதில் கிணற்று ஏற்றத்தின்மேல் நடந்து தண்ணீர் இறைத்தவன் அவன். ஆள் இந்தப் பக்கம் நடந்தால் அந்தப் பக்கம் தண்ணீர்ச் சால் எழும்பும். இதுவும் அதே சங்கதிதான், வட்டமாக வளைத்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிச் சந்தோஷப்பட்டான்.

கங்காவுக்குச் சந்தோஷப்பட நேரமில்லை. விசில்காரர் மீனம்மாளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரத்னாவைக் கைகாட்டினார். பெரியம்மாவோடு இந்த ஒல்லிப் பெண் உட்காரட்டும் என்றார். தான் உட்காருவதாகக் கங்கா முன்னால் வந்தாள். அவர் தலையை ஆட்டினார். கங்காவும் மீனம்மாளும் ஒரே தொட்டிலில் உட்கார்ந்தால், அதற்கு எதிரே வைக்க இந்தத் திடலிலேயே அவருக்கு ஆள் கிடைக்காதாம். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

தொட்டில் என்பது ஊஞ்சல் மாதிரி ஒரு பலகை, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம், முன்னால் குறுக்கே ஒரு கம்பி. படி இடப்பக்கம் இருந்தது. முதலில் ஏறுபவர் வலப்பக்க ஓரத்துக்கு நகரவேண்டும், இரண்டாமவர் இடப்பக்கம் உட்காருவார். கங்காவின் மனம் இதைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ரத்னா, பெரியவர்கள் முதலில் ஏறட்டும் என்று ஒதுங்கி நின்றாள். கங்காவுக்கு உயிர் வந்தது. மீனம்மாள் முதலில் ஏறினால் வலது பக்கம் போய்விடுவாள்.

“நீ போ தாயி முன்னால,” என்றாள் மீனம்மாள். “நான் குந்திட்டா அப்புறம் என்னைத் தாண்டி ஒரு ஈ எறும்பு போவாது.”

ரத்னா ஏறினாள். மீனம்மாள் ஏறினாள். இடது பக்கம், நிறைந்து, உட்கார்ந்தாள்.

விசில் ஊதியது. சக்கரம் பாதி சுற்றி, அவர்களை உச்சிக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. கீழே வந்து நின்ற எதிர்த் தொட்டிலில் கங்காவையும் நடேசனையும் ஏற்றினார்கள். நடுவில் அச்சு, இந்தக் கோடியில் கங்கா, அந்தக் கோடியில் ரத்னா. அவள் மேலே இருக்கும்போது இவள் கீழே. இவள் மேலே போனால் அவள் கீழே. தொடுவதற்கு முழங்கை எட்டாத தூரம்.

மற்ற தொட்டில்களும் நிறைந்தபின் சக்கரம் நிற்காமல் சுற்றத் தொடங்கியது.

முதல் ஏற்றத்தில் கங்கா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பிறகு எஞ்சின் சத்தம் தேய்ந்தது, ஒலிபெருக்கிப் பாட்டு தேய்ந்தது, காற்று மட்டும் இருந்தது. நடேசன் அவள் கையைத் தொட்டான்.

“கண்ணைத் தொற கங்கா. இதைப் பாக்காம வுட்டுடாத.”

திறந்தாள்.

கடல். கரையில் நின்று பார்த்த கடல் ஒரு கோடுதான். இது கோடு இல்லை. நீலமும் சாம்பலுமாக விரித்துப் போட்ட ஜமக்காளம், அதற்கு முடிவே இல்லை. துறைமுகத்தில் நின்ற கப்பல்கள், கோட்டைக்குள் நின்ற உயரக் கொடிமரம், ஹைகோர்ட்டின் குவிமாடங்கள், அந்தப் பக்கம் சென்ட்ரலின் கடிகாரக் கோபுரம். கூவம்கூட அங்கிருந்து பார்க்க வெள்ளிக் கம்பியாக மின்னியது, வாடையும் இல்லை. மேற்கே சூரியன் இறங்கிக்கொண்டிருந்த திசையில் எங்கோ தங்கள் ஊர் இருக்கவேண்டும். இந்த உலகத்தில் வடக்குப்பட்டும் ஒரு புள்ளி, அதில் தங்கள் தெரு, அதில் நாலு பேர் பேசும் பேச்சு. அது எவ்வளவு சின்னது. ஒரு நிமிஷம் கங்கா தான் எதற்காக வந்தோம் என்பதையே மறந்துவிட்டாள்.

இறங்கும்போது நினைவு வந்தது. திடுக்கிட்டு எதிர்ப்பக்கம் பார்த்தாள்.

எல்லாத் தொட்டில்களும் கடலைப் பார்த்தே தொங்குகின்றன. எதிரெதிர் தொட்டில்கள் ஒரு சுற்றில் இரண்டு தடவைதான் ஒரே உயரத்துக்கு வரும். ஒரு தடவை எதிரே இருப்பவர்களின் முதுகு தெரியும். மறு தடவை தலையைத் திருப்பினால் கம்பிகளுக்கு நடுவே முகம் தெரியும். அவ்வளவுதான் கங்காவுக்குக் கிடைத்த அவகாசம்.

முதல் தடவை முகம் தெரிந்தது. மீனம்மாள் ரத்னாவின் பக்கம் திரும்பி என்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள். ரத்னாவின் கண்கள் கடலில் இருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. அப்படி ஒரு பூரிப்பைக் கங்கா அந்த முகத்தில் பார்த்ததே இல்லை. ஆனால் பதில் இல்லை.

அடுத்த தடவை முதுகு. மீனம்மாளின் தலை மறுபடியும் திரும்பியிருந்தது. ரத்னாவின் தலை அசையவில்லை.

அதற்கடுத்து முகம். மீனம்மாளின் வாய் மூடியிருந்தது. நேராக முன்னால் பார்த்து விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். படப்பைக்காரர்கள் கேசரித் தட்டைக் கீழே வைத்தபோது இருந்த அதே முகம்.

“போச்சு,” என்றாள் கங்கா. “திமிர் பிடிச்ச பொண்ணுன்னு நெனச்சுட்டாங்க.”

நடேசனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

மறுபடி முதுகு, அப்போதும் அந்த விறைப்பு மாறவில்லை. அதற்கடுத்தது முகம். இந்தத் தடவை ரத்னா முழுசாக இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மீனம்மாளின் கை அவள் தோளில் இருந்தது. தொட்டுக் கூப்பிட்டிருக்கிறாள். ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டால் பொய் சொல்ல வராது. கங்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரத்னாவின் கை மெதுவாக உயர்ந்து தன்னுடைய இடது காதைத் தொட்டது.

கங்காவின் தொட்டில் கீழே இறங்கியது. அவர்களுடையது மேலே ஏறியது. எட்டிப் பார்க்கவும் முடியவில்லை.

சரியாக அந்த நேரத்தில் விசில் வீறிட்டது. விசில்காரர் ஒரு நெம்புகோலை இழுத்து, மரக்கட்டையை விளிம்பில் அழுத்தினார். சக்கரம் முனகிக்கொண்டு நின்றது. கங்காவின் தொட்டில் தரைக்கு ஒரு முழம் மேலே. அவர்களுடையது உச்சியில்.

“மேல யாரோ எழுந்து நிக்கறாங்க,” என்றார் விசில்காரர்.

சொல்லிவைத்ததுபோல அப்போதுதான் விளக்குகளைப் போட்டார்கள். அச்சிலிருந்து விளிம்புவரை கம்பிகளெல்லாம் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக எரிந்தன. திடல் முழுக்க ஓவென்று ஒரு சத்தம் எழுந்தது. அந்த வெளிச்சப் பூவின் உச்சி இதழில் ஒரு தொட்டில் முன்னும் பின்னும் ஆடியது. அதில் ஒல்லியான ஓர் உருவம் குனிந்து நின்றது. பெரிய உருவம் ஒன்று நகர்ந்தது.

கங்கா அண்ணாந்து பார்த்தபடியே இருந்தாள். எஞ்சின் பக்கத்தில் நின்றிருந்த பரசுராமன் செருப்புகளோடு ஓடிவந்தான். அவனும் அண்ணாந்து பார்த்தான். ஆனால் அவன் பார்த்தது தொட்டில் மாட்டியிருந்த இடத்தை.

“பயப்படாதீங்க அக்கா. தொட்டில் மேல ஆணியில தொங்குது. கனம் ஆணிக்குக் கீழ இருக்கறவரைக்கும் எவ்ளோ ஆடினாலும் நேராத்தான் வந்து நிக்கும். எழுந்து நின்னா கனம் மேல ஏறும், அதான் இந்த ஆட்டம். அவங்க குந்திட்டா அடங்கிடும்.” நிறுத்தி, நெற்றியைச் சுருக்கினான். “ஆனா எதுக்கு எழுந்தாங்க? எடம் மாத்துறாங்களா?”

கங்காவுக்கு எதற்கென்று தெரியும். அவள் நடேசன் பக்கம் திரும்பினாள். நடேசன் குறுக்குக் கம்பியைப் பிடித்தபடி அவனைப் பார்த்தான்.

“என் தங்கச்சிக்கு இடது காது கேக்காது தம்பி. சின்ன வயசுல போயிடுச்சு. ஒங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்லாதது எங்க தப்பு, அவ மேல ஒண்ணும் இல்ல.”

பரசுராமன் கையிலிருந்த செருப்புகளைப் பார்த்தான். மறுபடி மேலே பார்த்தான்.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“இப்பத் தெரிஞ்சிருக்கும்.”

“எங்கம்மா பஸ்ஸுல குந்தின எடத்தை விட்டு கண்டக்டர் சொன்னாக்கூட நவுராது அண்ணே,” என்றான் பரசுராமன் மெதுவாக. “அது அந்தரத்துல நவுந்துகினு கீது.”

மேலே ஆட்டம் குறைந்தது, பிறகு அடங்கியது. விசில்காரர் முணுமுணுத்தபடி கட்டையை விடுவித்தார். சக்கரம் நகர்ந்தது. கால் சுற்று. ஒரே உயரம். முதுகு தெரிகிற முறை.

பெரிய முதுகு வலது பக்கம் இருந்தது. சின்ன முதுகு இடது பக்கம். மீனம்மாள் தலையைச் சாய்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். ரத்னா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கிற காதின் பக்கம் பேசுகிறாள். அதற்காகத்தான் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு வானத்தில் இடம் மாறியிருக்கிறாள்.

கங்காவின் கண்ணில் சிவப்பும் பச்சையும் கலங்கி ஒன்றாயின. விளக்குகளா, கண்ணீரா என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை.

இறக்குவதும் ஏற்றுவதுபோலத்தான், ஒன்று இறங்கினால் அடுத்து அதன் எதிர். முதலில் கங்காவும் நடேசனும் இறங்கினார்கள். பாதிச் சுற்று சுற்றி மற்றவர்கள் வந்தார்கள். விசில்காரர் மீனம்மாளைப் பிடித்து ஒரு பாட்டம் திட்டினார். மீனம்மாள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நேராகக் கங்காவிடம் வந்தாள்.

“ஒரு காதுதானே. இத்தச் சொல்றதுக்கு என்னை அவ்ளோ ஒசரம் தூக்கிக்கினு போவணுமா?”

கங்கா குனிந்து நின்றாள். “பயம்மா. ரெண்டு தபா கையைச் சுட்டுக்கினோம்.”

“அவளுக்கு பயமில்லியே. கேட்டேன், சொல்லிட்டா. நீதான் பயந்துகினு அவளுக்கு வேலி கட்டிக்கினு கீற.” குரலில் கோபம் இருந்தது. ஆனால் கேசரித் தட்டைக் கீழே வைக்கிற கோபம் இல்லை அது. “சரி வுடு. அவ ஒண்ணு சொன்னா. நானும் எங்க வூட்டு சங்கதி ஒண்ணைச் சொல்லிட்டேன் அவகிட்ட. அதான் நாயம். அவ ரோசனை பண்ணிச் சொல்றேன்னு சொல்லிக்கீறா. சரின்னு சொல்லி அனுப்பினா, வர்ற ஞாயித்துக்கிழமை ஒங்க வூட்டுக்கே தாம்பூலத்தோட வர்றோம். தெருவே பாக்கட்டும்.”

என்ன சங்கதி என்று கேட்கக் கங்கா வாய் எடுத்தாள். மீனம்மாள் கையை உயர்த்தினாள்.

“அது அவளுக்குச் சொன்னது.”

பரசுராமன் அம்மாவின் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அவனுக்கு அது என்னவென்று தெரிந்திருக்கிறது. ரத்னாவின் செருப்பைக் கொடுக்க அவளுடைய இடப்பக்கம் வந்தவன், நின்றான், அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போனான்.

மேலே பயமாக இருந்ததா என்று கேட்டான். இல்லை என்றாள் ரத்னா. இன்னும் ரெண்டு சுற்று விட்டிருக்கலாம் என்றாள்.

திரும்புகிற ரயிலில் கூட்டம் குறைவு. ரத்னா முதலில் ஏறி, சன்னல் தன் வலது பக்கம் வருகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கங்கா வழக்கம்போல் அவளுக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். நடேசன் எதிரே உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டான்.

சைதாப்பேட்டைவரை கங்கா பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை. குனிந்து, நடேசனுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

“இன்னாடி சொன்னாங்க மேல?”

ரத்னா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். மாம்பலத்து விளக்குகள் பின்னால் போய்விட்டன. பரங்கிமலை இருட்டில் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை, வருத்தமும் இல்லை. கனமான எதையோ சமமாகப் பிடித்து எடை பார்த்துக்கொண்டிருக்கிற முகம்.

கங்கா இன்னொரு தடவை கேட்டாள், கொஞ்சம் உரக்க. ரயில் தடதடத்தது. ரத்னா திரும்பவில்லை.

முழங்கையைத் தொட்டால் திரும்புவாள். கங்கா கையை நீட்டினாள், பாதியில் நிறுத்தினாள். எத்தனையோ வருடமாக இந்த இடத்தை அவள் மற்றவர்களிடமிருந்து காத்துவந்திருக்கிறாள். இங்கே உட்கார்ந்து ஒன்றைக் கேட்டுப் பதில் கிடைக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் சொல்லி அனுப்பவேண்டும், அதுவரை காத்திருக்கத்தான் வேண்டும். இந்தத் தடவை சொல்ல வேண்டியவள் ரத்னா.